லால்பாக் மலர்க்காட்சிக்குச் செடி வாங்கப் போகிறீர்களா?

வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரி 26ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஒன்று, பெங்களூர் லால்பாக் பூங்காவில் மலர்க்காட்சி நடக்கிறது. சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து சில வருடங்களாகப் போய்வருகிறோம். முதல் தடவை கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பார்த்தோம், படம் எடுத்தோம், கடைகளில் கண்ணில் பட்ட செடியை எல்லாம் வாங்கினோம், ஊர் வந்து பதினைந்து நாளுக்குள் பாதிச் செடி போய்விட்டது. அடுத்த தடவை முதலில் செடி வளர்க்கிறவர்களைத் தேடிப் போய்ப் பேசினோம், வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளினோம். அன்று வாங்கிய நான்கு செடிகளும் இன்றைக்கும் மாடியில் இருக்கின்றன. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். போகும் ஊர் வேறாக இருந்தாலும், ஊட்டியோ ஏற்காடோ, இதில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

ஜனவரியா ஆகஸ்ட்டா?

பார்ப்பதற்கு ஜனவரி, வாங்குவதற்கு ஆகஸ்ட். இது என்னுடைய முடிவு, எங்கள் குழுவிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தொட்டியில் சுகமாக வளர்ந்த செடியை ஜனவரி கடைசியில் சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுவந்தால், வேர் பிடித்து நிமிர்வதற்குள் மார்ச் வந்துவிடும், அதற்குப் பின்னால் கத்திரி வெயில் நிற்கும். ஆகஸ்ட்டில் வாங்கினால் செப்டம்பரில் மட்டும் கொஞ்சம் நிழல் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும், அப்புறம் மார்கழி, தை என்று குளிர்ந்த மாதங்கள், ஆக அடுத்த கோடைக்கு முன்னால் செடிக்கு முழுசாக ஆறு மாதம் கிடைக்கிறது. ஆறு மாத வேரும் இரண்டு மாத வேரும் மே மாதத்தில் ஒன்றுபோல நடந்துகொள்ளாது.

ஜனவரிக்கு வேறு லாபம் இருக்கிறது. வெயில் இதமாக இருக்கும், பெட்டூனியா மாதிரி குளிர்காலப் பூக்கள் நல்ல நிறத்தில் இருக்கும், அங்கே அவரெக்காய் என்று சொல்லும் நம் பச்சை மொச்சையின் பருவம் வேறு. ஆகஸ்ட்டில் தூறல் விட்டுவிட்டுப் பெய்யும், குடை இல்லாமல் போகக்கூடாது. பூங்காவின் மண்பாதைகள் சேறாகும், அதனால் செருப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எந்த மாதமானாலும் சரி, 26ஆம் தேதி, 15ஆம் தேதி, நடுவில் வரும் சனி ஞாயிறு, இந்த நாட்களை விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும், ஒரு செடி முன்னால் நின்று பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியாது, டிக்கெட்டும் கூடுதல். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், திறக்கும் நேரத்துக்கே போய் நிற்பது நல்லது. பத்து நாளுக்கு மேல் நடக்கும் காட்சி என்பதால் கடைசி இரண்டு நாளில் பூக்களும் வாடியிருக்கும்.

கிளம்புவதற்கு முன்

மாடிக்குப் போய் ஒரு நாள் முழுக்க வெயிலைக் கவனியுங்கள். காலை 8, நண்பகல், மாலை 4 என்று மூன்று நேரம் பார்த்து, எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, எத்தனை தொட்டி காலியாக இருக்கிறது என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது எல்லாச் செடிக்கும் வீட்டில் இடம் இருப்பதாகத் தோன்றும், அந்தத் துண்டுத்தாள்தான் கையைப் பிடிக்கும். நான் ஒரு பயணத்துக்கு ஐந்து செடிக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இன்னொரு வேலை, விதைப் பொட்டலம் கட்டுவது. வெறுங்கையோடு போகாதீர்கள். நம்மிடம் சாதாரணமாகக் கிடக்கும் சிறகவரை, மூக்குத்தி அவரை, தம்பட்டங்காய், மிதிபாகல், குட்டைப் புடலை, இவை எதிரில் இருப்பவருக்குக் கிடைக்காத பொருளாக இருக்கலாம். நன்றாக முற்றி, நிழலில் காய்ந்த விதையாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து விதை ஒரு பொட்டலம், காகிதத்தில் மட்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் மிச்சமிருக்கும் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பொட்டலத்தின் மேல் பெயர், எடுத்த மாதம், எந்த ஊர் மாடி, கொடியா குத்துச்செடியா என்று எழுதுங்கள். கடையில் வாங்கிய ஹைப்ரிட் காயிலிருந்து எடுத்த விதையைக் கொடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நாட்டு ரகம் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் கொடுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: பழைய செய்தித்தாள், சணல் கயிறு, கத்தரிக்கோல், மார்க்கர் பேனா, பேப்பர் டேப், இரண்டு துணிப்பை, மடித்து வைத்த ஒரு அட்டைப்பெட்டி. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் அங்கே அட்டைப்பெட்டிக்கு அலைய வேண்டியிருக்கும்.

போய்ச் சேருவது

ரயிலில் போனால் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறுங்கள். நான்காவது நிறுத்தம் லால்பாக், மேற்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. பேருந்தில் சாந்திநகர் நிலையத்தில் இறங்கினால் டபுள் ரோடு பக்க வாசல் ஒரு ஆட்டோ தூரம். காரில் போவதை நான் சொல்ல மாட்டேன், காட்சி நாட்களில் அந்தப் பக்கத்துச் சாலைகள் நகராது.

ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் செடி வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு இரவு தங்குங்கள். முதல் நாள் பார்க்க, பேச. இரண்டாம் நாள் காலையில் வாங்கிக்கொண்டு நேராக ரயில். வாங்கிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு 240 ஏக்கரைச் சுற்ற முடியாது, அறையில் பூட்டி வைப்பதும் செடிக்கு நல்லதில்லை.

உள்ளே போனதும் எல்லோரும் ஓடுவது கண்ணாடி மாளிகைக்கு. 1889ல் அடிக்கல் நாட்டியது, லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துக் கட்டியது, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கருப்பொருளை வைத்து உள்ளே பூவாலேயே பெரிய உருவங்கள் செய்வார்கள். பாருங்கள், அரை மணி நேரம் போதும். வரிசை ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே யாரிடமும் பேச முடியாது.

ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

தோட்டக்கலைத் துறையோடு சேர்ந்து இந்தக் காட்சியை நடத்துவது மைசூர் தோட்டக்கலைச் சங்கம். காட்சியை ஒட்டிப் போட்டிகளும் நடத்துவார்கள், வீட்டுத்தோட்டம், போன்சாய், இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரம், காய்கறிச் செதுக்கல் என்று பல பிரிவுகள் உண்டு. லால்பாக்குக்கு உள்ளேயே இருக்கும் மரிகவுடா நினைவு அரங்கில் இவற்றை வைத்திருப்பார்கள். வைத்தவர்கள் தங்கள் தொட்டியைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வருவார்கள், தங்கள் செடி முன்னால் யாராவது நின்று உற்றுப் பார்க்கிறார்களா என்று கவனிப்பார்கள். நீங்கள் நின்று பாருங்கள், அவர்களே பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள். பெங்களூரில் எனக்குக் கிடைத்த முதல் தோட்ட நட்பு அப்படித்தான் வந்தது. ஒரு குட்டை அரச மரம் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரு அம்மா "அதுக்கு இருபத்திரண்டு வயசாச்சு" என்று தமிழிலேயே சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். வேரை எந்த மாதம் கத்தரிப்பது, மண்ணில் செங்கல் துகள் எவ்வளவு கலப்பது, கம்பி கட்டினால் எப்போது அவிழ்ப்பது என்று எல்லாம் சொன்னார், கிளம்பும்போது நான் கொடுத்த சிறகவரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். செடி வைத்திருப்பவர்கள், நர்சரிக்காரர்கள் பலருக்குத் தமிழ் வரும். லால்பாக் பழைய கதையே அப்படித்தான். 1760ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது, அதை வளர்த்தவர்கள் திகளர் என்று சொல்வார்கள். தோட்டத் தொழிலே குலத்தொழிலாகக் கொண்ட சமூகம், பெங்களூர் கரக விழாவை நடத்துகிறவர்கள், அவர்களின் வேர் தமிழ்ப் பகுதியில். நம் வீட்டில் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்லும் சௌசௌவை அந்த ஊருக்குக் கொண்டுவந்ததும் லால்பாக்கின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன்தான் என்பார்கள், அதனால் உங்கள் மாடியில் சௌசௌ கொடி இருந்தால் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம். இருந்தாலும் நான்கு கன்னட வார்த்தை தெரிந்து வைத்துக்கொள்வது மரியாதை: செடிக்கு கிட, பூவுக்கு ஹூவு, விதைக்கு பீஜ, உரத்துக்கு கொப்பர, ஒட்டுச்செடிக்கு கசி கிட. எவ்வளவு என்று கேட்க எஷ்டு. மல்லிகை மல்லிகெ ஆகிறது, செம்பருத்தி மட்டும் தாசவாள, அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு கடையில் கையாலேயே பூவை வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

முன்பே தொடர்பில் இருக்கும் ஆட்களைச் சந்திக்கப் போகிறீர்கள் என்றால் இடத்தையும் நேரத்தையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். "உள்ளே வந்து போன் பண்ணுங்க" என்பது நடக்காது, கூட்டத்தில் லைன் கிடைக்காது. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமேடு நல்ல இடம், எல்லோருக்கும் தெரியும், உட்கார முடியும், தூரத்திலிருந்தே ஆள் அடையாளம் தெரியும். நாங்கள் காலை 11 மணிக்கு அங்கே கூடுவோம், ஒரு பழைய புடவையை விரித்து விதைப் பொட்டலங்களைப் பரப்புவோம். விற்பனை கிடையாது, மாற்றிக்கொள்வது மட்டும். குப்பை ஒன்றுகூட விடாமல் எடுத்து வந்துவிடுவோம். மாற்றிக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லாதவருக்கும் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புங்கள், அடுத்த வருடம் அவரே பையோடு வருவார்.

பேசும்போது என்ன கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். "நல்லா வருமா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா வரும் என்றுதான் சொல்வார்கள். "உங்களுக்கு இது எப்போதாவது செத்துப்போயிருக்கா, எதனால்?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான விவரம் வரும்: தண்ணீர் தேங்கியது, மழையில் அழுகியது, மாவுப்பூச்சி தண்டில் பிடித்தது, மேற்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் எண்ணை வாங்கும்போது பெயரோடு செடியின் பெயரையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து வெறும் பெயரைப் பார்த்தால் ஆள் நினைவுக்கு வராது.

காய்கறி வளர்ப்பவர்களாக இருந்தால் ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா என்று 2011ல் தொடங்கிய ஒரு சந்திப்பு பெங்களூரில் உண்டு, பெயருக்கே உன் தோட்டத்திலிருந்து சாப்பாடு என்று அர்த்தம். மாடித்தோட்டக்காரர்கள் கூடும் இடம் அது, உங்கள் பயணத்தோடு ஒத்துவந்தால் அதையும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பூங்காவில் இருக்கும் எந்தச் செடியிலும் கிளை ஒடிக்கக்கூடாது, கீழே விழுந்த விதைதானே என்று பை நிறையப் பொறுக்கவும் கூடாது. ஒருவர் ஒடித்தால் பின்னால் வரும் ஆயிரம் பேரும் ஒடிப்பார்கள்.

வாங்குவது

காட்சி வளாகத்திலேயே செடிக் கடைகள் வரிசையாக இருக்கும். பார்த்து விலை கேட்டு வையுங்கள். அப்புறம் சித்தாபுரா பக்கம் நடந்து போங்கள், லால்பாக்கை ஒட்டி நர்சரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன, அதே செடி வேறு விலையில், பெரும்பாலும் சாவகாசமாகத் தேர்ந்தெடுக்கும்படி இருக்கும். நான் அங்கேதான் வாங்குகிறேன்.

பூ நிறைந்த செடியை எடுக்காதீர்கள். பயணத்தில் பூ கொட்டிவிடும், பூவுக்கே சத்தைச் செலவழித்த செடி புது இடத்தில் வேர்விடச் சோம்பும். மொட்டு இரண்டு மூன்று, அடியிலிருந்து பல கிளை, அடர்ந்த இலை, இதுதான் கணக்கு. உயரத்தைப் பார்க்க வேண்டாம், ஒற்றைக்குச்சியாக நெடுநெடு என்று வளர்ந்தது நிழலில் கிடந்த செடி.

இலையைத் திருப்பிப் பாருங்கள். கணுவில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி, இலையில் ஊசிமுனை வெளிர்ப்புள்ளியும் அடியில் மெல்லிய நூலும் இருந்தால் சிலந்திப்பேன், தண்டில் நகத்தால் சுரண்டினால் உதிரும் பழுப்புப் புடைப்பு இருந்தால் செதில்பூச்சி. செடி எவ்வளவு அழகானாலும் வைத்துவிட்டு வாருங்கள், அது வீட்டில் இருக்கும் மற்ற இருபது செடிக்கும் போகும். பிறகு பையின் அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால், அதைப் பிடுங்கித்தான் தருவார்கள், வேர் அறுந்த செடி பிழைப்பது சிரமம். செடியை லேசாக ஆட்டிப் பாருங்கள், கலகலவென்று ஆடினால் நேற்றுத்தான் பைக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஒட்டு ரோஜா, ஒட்டு மா வாங்கினால் ஒட்டிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வடு தெளிவாக, மூடி, ஆறியிருக்க வேண்டும். ரோஜாவில் வடுவுக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அது வேர்ச்செடியின் துளிர், வீட்டுக்கு வந்ததும் கிள்ளிவிட வேண்டும், விட்டால் அதுவே மேலே வளர்ந்து நீங்கள் வாங்கிய ரகத்தை அமுக்கிவிடும்.

சமவெளி ஊர்க்காரர்கள் ஃபுக்ஷியா, அசேலியா, சைக்ளமன் மாதிரி குளிரூர்ப் பூச்செடிகளின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. மனசு இழுக்கும், எனக்கும் இழுத்தது, ஒரு ஃபுக்ஷியா சென்னையில் பதினோரு நாள் இருந்தது. அதற்குப் பதில் செம்பருத்தியில் புதிய நிறம், இட்லிப்பூவில் குட்டை ரகம், காகிதப்பூவில் இரட்டை நிறம், கனகாம்பரத்தில் டெல்லி ரகம், அடீனியம், நந்தியாவட்டை, இவை நம் வெயிலை ஏற்றுக்கொள்பவை. வாங்கியதுமே ரகத்தின் பெயரைப் பேப்பர் டேப்பில் எழுதிப் பையில் ஒட்டிவிடுங்கள்.

கொண்டு வருவது

கிளம்பும் அன்று காலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள், முந்தின நாள் ஊற்றிய ஈரம் போதும், இல்லையென்றால் எடை கூடிச் சேறு வழியும். மண் பரப்பில் செய்தித்தாளை மடித்துத் திணித்து, தண்டைச் சுற்றிச் சணலால் ஒரு சுற்றுக் கட்டுங்கள், சாய்ந்தாலும் மண் கொட்டாது. கிளைகளை மேல்நோக்கிச் சேர்த்து, தாளால் கூம்பு மாதிரி தளர்வாகச் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் நெருக்கி நிறுத்தி, இடுக்குகளில் கசக்கிய தாளை அடையுங்கள். பெட்டியின் மேற்பக்கம் திறந்திருக்கட்டும்.

பகல் ரயில் நல்லது, பெட்டி காலடியில் கண் முன்னால் இருக்கும். பேருந்தின் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை இடமில்லை என்று நான் அதில் வைத்தேன், எஞ்சின் சூட்டில் ஏழு மணி நேரம் வெந்து, காலையில் எடுத்தபோது ரோஜாவில் இலை ஒன்றுகூட இல்லை. குச்சிகளாக வெட்டிக் கொடுத்த கிளைகள் இருந்தால் வெட்டிய முனையை ஈரத்துணியில் சுற்றி, வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டுங்கள், இரண்டு நாள் தாங்கும்.

வீட்டுக்கு வந்ததும்

அன்றைக்கே தொட்டி மாற்றும் ஆசையை அடக்குங்கள். பழைய செடிகளிலிருந்து தள்ளி, நிழலில், இரண்டு வாரம் அப்படியே வையுங்கள். காலையில் மட்டும் தண்ணீர். இருக்கும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் இலையின் அடியில் படும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். நான்கைந்து இலை மஞ்சளாகி விழும், அது இடம் மாறிய களைப்பு. புதுத்துளிர் தெரிந்த பிறகு காலை வெயிலில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று பழக்கி, அதற்கப்புறம் தொட்டி மாற்றுங்கள்.

பெங்களூர் பைகளில் சில சமயம் வெறும் செம்மண் இறுகிப்போய் இருக்கும், சில சமயம் முழுக்க கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றும் கணக்கு வேறு. செம்மண் கட்டியாக இருந்தால் உடைக்காமல், ஓரங்களை மட்டும் விரலால் தளர்த்தி, செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் மணல் கலந்த தொட்டியில் இறக்குங்கள். கோகோபீட் உருண்டை ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே போகாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும், மேலே ஈரமாகத் தெரியும், உள்ளே வேர் காய்ந்துகொண்டிருக்கும். அப்படியானால் பையோடு பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

துளிர் விட்ட அன்று ஒரு படம் எடுத்து, அந்தச் செடியைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அனுப்புங்கள். போன ஆகஸ்ட்டில் நான் அப்படி ஒரு செம்பருத்தியின் படத்தை அனுப்பினேன். பதிலுக்கு அந்த அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது, ஜன்னல் கம்பியில் என் சிறகவரை ஏறியிருந்தது, நீலப்பூ இரண்டு.